ஒப்பியவர் யார்? சட்டத்தையும் நம்பிக்கையையும் பற்றிய இரு கட்டுரைகள்

சட்டம் நம்மைக் கட்டுகிறது. நம்பிக்கை நம்மை நடத்துகிறது. இவ்விரண்டுக்கும் அவ்வதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பாருக்கு மூன்று விடைகள் எக்காலத்தும் ஆயத்தமாயுள்ளன. ஆண்டவன் விதித்தான் என்பது ஒன்று. முன்னோர் வழிவழியாய்க் கைக்கொண்டனர் என்பது மற்றொன்று. நீயும் ஒப்புக்கொண்டுதானே இங்கே இருக்கிறாய் என்பது மூன்றாவது. முதலிரண்டு விடைகளையும் சீர்திருத்தம் பேசும் ஏடுகள் நெடுங்காலமாய் மறுத்து வந்திருக்கின்றன. நேயர்கட்கு அவ்வாதங்கள் புதியன அல்ல. மூன்றாம் விடையோ நியாயத்தின் உடையை அணிந்துகொண்டு வருவது. கற்றோரையும் எளிதில் வாயடைக்கச் செய்வது. ஆதலின் அதனையே இங்கு முதற்கண் எடுத்து ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஆங்கில உரைநடையிலுள்ள இரு கட்டுரைகள் பெரிதும் துணைசெய்யும். ஒன்று, ஸ்காத்லாந்து தேசத்துத் தத்துவ ஆசிரியராகிய டேவிட் ஹ்யூம் 1748ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மூல ஒப்பந்தத்தைப் பற்றி' என்பது. மற்றொன்று, கணித ஆசிரியராகிய வில்லியம் கிங்டன் கிளிபர்டு 1877ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நம்பிக்கையின் அறம்' என்பது. முன்னது சட்டத்தின் உரிமையைப் பற்றியது. பின்னது நம்பிக்கையின் உரிமையைப் பற்றியது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர்க்கு ஒரு வியப்பு தோன்றும். இரண்டிலும் வாதத்தைத் தாங்கி நிற்பது ஒரு கப்பல்! கடல் கடந்து வந்தவர்களின் மக்களும் பேரரும் ஆகிய நமக்கு அக்கப்பல்கள் வெறும் உவமைகளாய் மட்டும் இருத்தல் இயலாது.

ஹ்யூமின் கப்பல்

ஹ்யூம் வாழ்ந்த காலத்தில் இங்கிலாந்தில் இரு கட்சியார் இருந்தனர். அரசனுடைய அதிகாரம் இறைவனிடமிருந்து வந்தது என்றனர் டோரிகள். குடிகளின் உடன்பாட்டிலிருந்து வந்தது என்றனர் விக்குகள். பின்னவர்க்குக் கொள்கையரண் கட்டிக் கொடுத்தவருள் தலையானவர் ஜான் லாக். 1689இல் வெளிவந்த 'அரசாட்சியைப் பற்றிய இரு ஆராய்ச்சிகள்' என்ற நூலில் அவர், மனிதர் இயற்கையில் சுதந்தரர் என்றும், தமது சம்மதமின்றிப் பிறர் ஆட்சிக்கு உட்பட வேண்டியவரல்லர் என்றும் நிலைநாட்டினார். மிக உயர்ந்த கொள்கையே. ஆனால் இன்று வாழும் குடிகளுள் எவன் எந்நாளில் எவ்விடத்தில் சம்மதம் கொடுத்தான் என்று வினவினால் என் செய்வது? அதற்கு லாக் கண்ட விடை 'மௌன சம்மதம்' என்பது. ஒரு நாட்டில் நிலம் உடையவன் மட்டுமன்றி, சின்னாள் தங்கியவனும், அந்நாட்டுப் பெருவழியில் நடந்து போனவனும்கூட அந்நாட்டுச் சட்டத்திற்கு வாய்திறவாமலே இசைந்தவனாவான் என்றார்.

இந்த மௌன சம்மதத்தின் மேல்தான் ஹ்யூமின் அம்பு பாய்கிறது. அவர் முதலில் சரித்திரத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார். அரசுகளின் பிறப்பைத் தேடிச் சென்றால் நாம் காண்பது பெரும்பாலும் படையெடுப்பும் அபகரிப்புமே. உடன்படிக்கை எங்கே என்கிறார். அடுத்து ஏழையைச் சாட்சிக்கு அழைக்கிறார். வேற்றுமொழி அறியாதவன், வேற்று நாட்டு வழக்கம் அறியாதவன், அன்றன்று பெறும் சிறு கூலியில் காலந்தள்ளுகிறவன். அவனை நோக்கி, இந்நாட்டை விட்டுப் போக உனக்குத் தடையில்லை, போகாமையால் நீ இசைந்தாய் என்று சொல்லலாமா? உறங்குகின்ற ஒருவனைத் தூக்கிக் கப்பலில் ஏற்றிவிட்டு, நடுக்கடலில் அவன் கண் விழித்தபின், கடலில் குதியாமையால் நீ கப்பல் தலைவனுக்குக் கீழ்ப்படிய ஒப்பினாய் என்று வாதிப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை என்பது அவர் கேள்வி.

இதனைப் படிக்கும் மலாயாத் தமிழர் எவருக்கும் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்கு நோக்கிப் புறப்பட்ட கப்பல்கள் நினைவுக்கு வராமற்போகா. ஒப்பந்தக் கூலி முறை இந்நாட்டில் 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதுவரையில் அம்முறையில் வந்தவர்களை உறக்கத்தில் எவரும் தூக்கி வரவில்லை. விழித்த கண்களோடே கப்பலேறினார்கள். தாளில் கைநாட்டும் வைத்தார்கள். லாக்கின் மௌன சம்மதத்தினும் இது ஒருபடி மேலானதன்றோ? தாளில் மை இருந்ததே! ஆயினும் அத்தாளில் எழுதியிருந்ததை அவர்கள் படிக்க அறியார். வந்து சேரும் தோட்டம் எத்தகையது என்றும் அறியார். வந்தபின் வேலையை விட்டு ஓடினால் அது குற்றம், அதற்குச் சிறை. திரும்பிப் போகக் கடலே தடை. இந்நிலையில் அக்கைநாட்டைச் சம்மதம் என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் கொடுமை. பின்வந்த கங்காணி முறையில் அந்தத் தாள் நீங்கியது, கடன் நின்றது. தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்து அனுப்புவதை 1938இல் இந்திய அரசாங்கம் தடுத்தபின்னரே அம்முறையும் ஓய்ந்தது. ஹ்யூம் தம் அறையிலிருந்து கற்பனை செய்த கப்பல், அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு ஆன பின்னும் வங்கக்கடலில் மெய்யாகவே ஓடிக்கொண்டிருந்தது.

இதுவரையில் ஹ்யூமை நாம் வணங்கலாம். மெய்யான சம்மதம் எங்கே உளதோ அங்கே அதனினும் சிறந்த அடிப்படை வேறில்லை என்று அவரும் ஒப்புகின்றார். பொய்ச் சம்மதத்தையே மறுக்கின்றார். ஆனால் சம்மதத்தை நீக்கிவிட்ட இடத்தில் அவர் எதனை வைக்கிறார்? சட்டமும் அதற்கு அடங்குதலும் இல்லாவிடில் சமூகம் நிலைபெறாது. ஆகவே பொது நன்மையே கீழ்ப்படிதலுக்குப் போதிய காரணம் என்கிறார். நம் சொல்லைக் காக்க வேண்டும் என்பதற்கும் அப்பொது நன்மையன்றி வேறு காரணம் இல்லாதபோது, சட்டத்தை வாக்குறுதியின் மேல் கட்டுவதால் வரும் ஊதியம் என்ன என்றும் கேட்கின்றார். கூர்மையான கேள்வி. எனினும் இங்கே அவர் நம்மைப் பாதி வழியில் விட்டுப் போகிறார். பொது நன்மை என்னும் அக்கணக்கை எழுதுவோர் யாவர்? ஒப்பந்தக் கூலி முறையை ஆதரித்தவர்களும், அங்கே பஞ்சத்தில் வாடுவோர்க்கு இங்கே பிழைப்புக் கிடைக்கிறது, இருபுறமும் நன்மை என்றே கணக்கெழுதினார்கள். தோட்டத்தில் செக்ரோல் எழுதும் தொழிலையுடைய என் போன்றோர் ஒன்றை நன்கு அறிவோம். கணக்கை எழுதுகிறவனே அதனைத் தணிக்கையும் செய்வானாயின், ஏட்டில் பிழை ஒருநாளும் தென்படாது. கொடுங்கோன்மை மிகுந்தால் எதிர்க்கலாம் என்று ஹ்யூம் இடம் விடுகிறார், மெய்தான். ஆயினும் நிலைத்த அரசின் மூலத்தை மிகவும் துருவாமல் அடங்கியிருத்தலே அறிவுடைமை என்பதும் அவர் போதனை. கப்பலில் கண் விழித்தவனுக்காக இரங்கியவர், அவன் கப்பல் தலைவனிடம் என்ன கேட்கலாம் என்பதைச் சொல்லாமலே கட்டுரையை முடித்துவிட்டார்.

கிளிபர்டின் கப்பல்

இனி இரண்டாம் கட்டுரைக்கு வருவோம். கிளிபர்டு 1845இல் பிறந்து, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கணிதப் பேராசிரியராயிருந்து, 1879இல் தமது முப்பத்து மூன்றாம் வயதிலேயே மாண்டவர். 1870இல் சூரிய கிரகணத்தை ஆராயச் சென்ற குழுவோடு போகையில் சிசிலித் தீவின் அருகே கப்பல் உடையத் தப்பிப் பிழைத்தவர். அவர் தம் கட்டுரையைக் கப்பலொன்றின் கதையோடு தொடங்குவதில் வியப்பென்ன?

கதை இது. ஒரு கப்பல் முதலாளி; அவனுக்கு ஒரு பழங்கப்பல். பிழைப்பு நாடி வேற்று நாடு செல்லும் குடும்பங்களை ஏற்றிச் செல்ல அதனை ஆயத்தம் செய்கிறான். அது பலமுறை பழுது பார்க்கப்பட்டது. கடலுக்குத் தகுமோ என்ற ஐயம் அவன் மனத்தைக் குத்துகிறது. சோதிக்கலாம், செலவாகும். எத்தனையோ புயலைக் கடந்த கப்பலாயிற்றே, தாய்நாட்டைத் துறந்து போகும் இக்குடும்பங்களைத் தெய்வம் கைவிடுமா என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறான். நாளடைவில் அவன் நெஞ்சில் உண்மையான நம்பிக்கையே குடிகொள்கிறது. கப்பல் புறப்படுகிறது; நடுக்கடலில் மூழ்குகிறது; அவன் இன்ஷூரன்ஸ் பணத்தைப் பெற்றுக்கொள்கிறான். இவன் குற்றவாளியா? ஆம் என்கிறார் கிளிபர்டு. நெஞ்சார நம்பினானே என்றால், அப்படி நம்ப அவனுக்கு உரிமையில்லை என்பதே அவர் விடை. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருப்பினும் அவன் குற்றம் இம்மியும் குறையாது என்று மேலும் ஒருபடி செல்கின்றார். நம்பிக்கை பலித்ததா என்பது கேள்வியன்று; அதனை அவன் எவ்வழியில் பெற்றான் என்பதே கேள்வி.

நம்பிக்கைக்கு உண்மையுள்ளமே போதுமான உரிமைச் சீட்டு என்று எண்ணுவோர் அனைவரும் இக்கதையைப் படித்தல் வேண்டும். தந்தை ஒருவர் காய்ச்சலில் கிடக்கும் தம் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாமல் மந்திரிப்பவரிடம் கொண்டுசெல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உள்ளத்தில் கள்ளமில்லை. பிள்ளையின்மேல் அன்பும் குறைவில்லை. கப்பல் முதலாளிக்கு இருந்த பணத்தாசையும் அவருக்கு இல்லை. ஆயினும் அந்நம்பிக்கை என்னும் கப்பலில் ஏறியிருப்பவர் அவரல்லர், குழந்தை. பலகையைத் தட்டிப் பாராமல் அக்கப்பலைக் கடலில் விட அவருக்கு உரிமை உண்டோ?

கிளிபர்டின் முடிவு, போதிய சான்றின்றி எதையும் எவரும் எப்போதும் நம்புவது தவறு என்பது. இதனை அளவுகடந்தது என்று மறுத்தவருள் சிறந்தவர் அமெரிக்க ஆசிரியர் வில்லியம் ஜேம்ஸ். 'நம்பும் விருப்பம்' என்ற தமது 1896ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் அவர், சான்றால் தீர்க்கவியலாததும், வாழ்வில் தள்ளிவைக்க முடியாததும் ஆகிய கேள்விகளில் மனிதன் தன் உள்ளத்தின் நாட்டத்தைப் பின்பற்றலாம் என்றார். இவ்விருவருள் யார் பக்கம் நிற்பது? என் எண்ணம் இது: இருவரும் வெவ்வேறு மனிதரைப் பற்றிப் பேசுகின்றனர். ஜேம்ஸின் மனிதன் பணயம் வைப்பது தன் வாழ்வை. கிளிபர்டின் முதலாளி பணயம் வைத்தது பிறர் உயிரை. தன் துணிவுக்குத் தானே விலை கொடுப்பவனுக்கு ஜேம்ஸ் தரும் சலுகையை நாமும் தரலாம். விலையைப் பிறர்மேல் சுமத்துகிறவனுக்கு அச்சலுகை செல்லாது.

ஆனால் கிளிபர்டிடத்தும் ஒரு குறை உண்டு. அவர் கதையில் பேசுவோர் யாவர்? முதலாளியின் மனச்சாட்சி பேசுகிறது, ஆசிரியர் தீர்ப்புரைக்கிறார். கப்பலில் ஏறிய குடும்பத்தார் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அடித்தளத்தைக் காட்டுக என்று கேட்க அவர்கட்கு ஓரிடமும் இல்லை. நம்பிக்கையின் அறம் முழுவதும் நம்புகிறவன் நெஞ்சுக்குள்ளேயே நடந்து முடிகிறது. ஹ்யூமின் கப்பலில் கண் விழித்தவன் எப்படி ஊமையோ, அப்படியே கிளிபர்டின் கப்பலிலும் பயணிகள் ஊமைகள். குற்றம் வெளிப்படுகிறது, மெய், அவர்கள் மூழ்கியபின்.

கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு

இக்குறையை நிறைவு செய்தது மூன்றாவது தத்துவ நூலன்று, ஒரு சட்டம். கிளிபர்டு எழுதிய அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் சாமுவேல் பிளிம்சால் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் ஒரு போராட்டம் நடத்திக்கொண்டிருந்தார். அளவுக்கு மிஞ்சிச் சரக்கேற்றிய பழங்கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்குவதையும், அவற்றைச் சிலர் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றே அழைப்பதையும் நாட்டுக்கு எடுத்துரைத்து, 1873இல் 'நம் மாலுமிகள்' என்ற நூலை வெளியிட்டார். 1875இல் இதற்கான மசோதாவை அரசாங்கம் கைவிடவே, சபையில் கொதித்தெழுந்து பெருங்கலகம் விளைத்தார். மறு ஆண்டு, 1876இல், சட்டம் பிறந்தது: ஒவ்வொரு கப்பலின் வெளிப்பக்கத்திலும் ஒரு கோடு வரையப்பட வேண்டும், அக்கோடு நீருக்குள் அமிழுமளவு சரக்கேற்றலாகாது.

இங்கே நேயர்கள் சற்று நின்று நோக்குதல் வேண்டும். 1876ஆம் ஆண்டுச் சட்டம் கோடு போடச் சொல்லிற்று; எவ்விடத்தில் போடுவது என்பதைக் கப்பல் முதலாளிக்கே விட்டுவிட்டது! எவ்வளவு உயரத்தில் வேண்டுமாயினும் வரைந்துகொள்ளலாம். சட்டம் இருந்தது; கோடும் இருந்தது; பாதுகாப்பு இல்லை. கப்பலின் உருவத்தையும் கட்டுமானத்தையும் அளந்து கோடு இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதிக்க 1890ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியதாயிற்று. 1930இல் பல நாடுகள் லண்டனில் கூடி அதனை உலகப் பொது விதியாக்கின.

இப்பதினான்கு ஆண்டு வேற்றுமையில் நாம் தேடிய விடை அடங்கியுள்ளது. 1876ஆம் ஆண்டுக் கோட்டுக்கும் 1890ஆம் ஆண்டுக் கோட்டுக்கும் ஆதாரமான அதிகாரம் ஒன்றே. அதே பார்லிமெண்டு, அதே மகாராணி. ஆகவே பிறந்த இடத்தால் ஒன்று மற்றொன்றைவிட உயர்ந்ததன்று. முன்னதில் கோட்டை இடுகிறவனே அதனால் ஆதாயம் பெறுகிறவன். பின்னதிலோ அவன் கையிலிருந்து தூரிகை பிடுங்கப்பட்டது. துறைமுகத்தில் நிற்கும் எளிய மாலுமியும் தன் கண்ணாலேயே கோடு நீருக்கு மேலே உளதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஒரு சட்டத்திற்கோ நம்பிக்கைக்கோ நம்மை நடத்தும் உரிமை எங்கிருந்து வருகிறது என்றால், அதன் பிழையால் துன்புறப்போகிறவர் அதனைச் சோதித்துப் பார்க்கவும், பிழை கண்டவிடத்து மாற்றுக என்று கேட்கவும் வழி திறந்திருப்பதிலிருந்தே வருகிறது என்பேன். கடவுளின் பெயரும், பழமையும், கைநாட்டும், உண்மையுள்ளமும் அவ்வழி மூடப்பட்டிருக்கும்போது பயன்படா. அவ்வழி திறந்திருக்குமாயின், லாக் நாடிய சம்மதமும் அப்போதுதான் மெய்யாகிறது. ஹ்யூம் நாடிய பொது நன்மைக்கும் அப்போதுதான் தணிக்கைக்காரர் கிடைக்கின்றனர்.

இரு மறுப்புகள்

இதற்கு எழக்கூடிய மறுப்புகள் இரண்டு. எல்லாரும் எந்நேரமும் சட்டத்தைச் சோதிக்கப் புகுந்தால் ஒழுங்கு நிலைக்குமா என்பது முதலாவது. ஹ்யூமின் அச்சமும் இதுவே. ஆனால் கோட்டைத் துறைமுகத்தில் பார்க்கிறார்கள்; அலை நடுவே ஒவ்வொரு நாழிகையும் கப்பலை நிறுத்திப் பார்ப்பதில்லை. திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்ற அதிகாரத்தில் ஆராயாது நம்புவதையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதையும் ஒருசேரத் துன்பம் தருவனவாகவே வைத்தார். அது அரசன் வினைக்கு ஆள் தெரிந்தெடுப்பதைப் பற்றிய அதிகாரமாயினும், சட்டத்திற்கும் பொருந்தும். ஐயத்திற்கு ஒரு காலமும், உறுதிக்கு ஒரு காலமும் உண்டு. ஐயத்திற்குரிய காலமே வாராதபடி செய்கிறவனிடத்தில்தான் நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

இரண்டாம் மறுப்பு ஆழமானது. சோதிக்க வேண்டும் என்ற அவ்விதியையும் சோதிக்க வேண்டாமா? அதற்கு ஆதாரம் எது? அவ்வாதாரத்திற்கு ஆதாரம் எது? இப்படியே போனால் முடிவுண்டோ? இதற்கும் ஒரு கப்பலே விடை கூறுகிறது. வியன்னா நகரத்து அறிஞர் ஆட்டோ நியூரத் 1932இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் நம்மைக் கடலோடிகளுக்கு ஒப்பிட்டார். கரையேறி, கப்பலை முழுவதும் பிரித்து, சிறந்த மரங்கொண்டு புதிதாய்க் கட்டும் வாய்ப்பு நமக்கு ஒருநாளும் இல்லை. ஓடும் கப்பலிலேயே பலகை பலகையாய் மாற்ற வேண்டியவராயிருக்கிறோம் என்பது அவர் கருத்து. அசையாத அடித்தளம் ஒன்று அகப்படாவிட்டால் எல்லாம் பொய் என்று மனமுடைவதும், அகப்பட்டுவிட்டது என்று மார்தட்டுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஒரு பலகையில் நின்றுகொண்டு மற்றொன்றைச் சோதிக்கலாம்; பிறகு அதில் நின்று இதனைச் சோதிக்கலாம். தொடத்தகாத பலகை என்று ஒன்று இருத்தலாகாது. அவ்வளவே வேண்டுவது.

நம் முன் உள்ள கடன்

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடலாகாது. நாகப்பட்டினத்துக் கப்பல்கள் நின்று நெடுங்காலமாயிற்று. இன்று மலேசியத் தோட்டங்களில் வெட்டுக்கும் சுமைக்கும் வருவோருள் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய வேற்று நாட்டார். அவர்களும் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டே புறப்படுகின்றனர். அவர்கள் முன்னும் ஒரு தாள் வைக்கப்படுகிறது. மேசைக்கு அப்புறம் நின்று கைநாட்டு வைத்தவர்களின் பேரர் பலர் இன்று மேசைக்கு இப்புறம் அமர்ந்திருக்கிறோம். கிராணியாயும், கண்காணிப்பாளராயும், ஆள் சேர்க்கும் ஏஜெண்டாயும் நம்மவர் இருக்கின்றனர். அவன் கையெழுத்திட்டுவிட்டான், இனி என்ன பேச்சு என்ற வாக்கு நம் நாவில் எழுமாயின், நம் பாட்டனாரை நோக்கிப் பிறர் சொன்ன வாக்கு அதுவே என்பதை மறத்தலாகாது.

செய்யத்தக்கது பெரிதன்று. அத்தாளை அவன் அறிந்த மொழியில் அவனுக்குப் படித்துக் காட்டுதல். கூலிக் கணக்கை அவன் கேட்கும்போது விரித்துக் காட்டுதல். பிழையெனக் கண்டதை முறையிட அவனுக்கு ஓரிடம் உண்டென்று அறிவித்தல். இவற்றைச் செய்தபின் அவன் இடும் கையெழுத்துக்கே சம்மதம் என்ற பெயர் பொருந்தும். வீட்டிலும் இதுவே முறை. குழந்தையின்மேலும் பெண்ணின்மேலும் நாம் செலுத்தும் நம்பிக்கைகள் எவையெவை, அவற்றின் கோட்டை வரைந்தவர் யார், அதனால் ஆதாயம் யாருக்கு, மூழ்கினால் மூழ்குபவர் யார் என்று ஒவ்வொன்றாய் வினவிப் பார்த்தல் வேண்டும்.

ஹ்யூமையும் கிளிபர்டையும் நம் இளைஞர் ஆங்கிலத்தில் பரீட்சைக்காகப் படித்து மறந்துவிடுகின்றனர். அவ்விரு கட்டுரைகளும் தமிழில் பெயர்த்தெழுதப்பட்டு, படிப்பகங்களில் உரக்கப் படிக்கப்படுமாயின் நன்று. படிக்கும்போது, அவ்வாசிரியர்கள் பேசாது விட்ட பயணிகளின் பேச்சைச் சேர்த்துப் பேசுவது கேட்போர் கடமை.